வரிச்சலுகை வாங்கிய தொழிற்சாலை வெளிநாடு போனால் யார் கணக்குக் கேட்பது?

விடியற்காலையில் அசாம் ஜாவா சந்திப்புப் பக்கம் போனால் தொழிற்சாலை பஸ்களைப் பார்க்கலாம். காப்பார், மேரு, புஞ்சாக் ஆலாம், ஷா ஆலாம் என்று ஆளுக்கொரு திசையில் போகிற பஸ்கள். ஒரு தலைமுறைக்கு முன்னால் இதே நேரத்தில் பெரட்டுக்குப் போன வீடுகள்தான் இவை. இன்று ஷிப்டுக்குப் போகிறார்கள். பால்மரம் போய் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டமும் தொழிற்பேட்டையும் வந்தன. கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் மாதச் சம்பளம் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு தொழிற்சாலையின் சம்பளம்தான்.

அந்தத் தொழிற்சாலையே ஒருநாள் 'நாங்கள் மூடுகிறோம்' என்று சொன்னால்?

2024-இல் ஷா ஆலாமில் இது நடந்தது. 1972 முதல் அங்கே டயர் தயாரித்து வந்த குட்இயர் நிறுவனம், ஜூன் 30-ஆம் தேதிக்குள் ஆலையை மூடப் போவதாக அறிவித்தது. சுமார் 550 பேருக்கு வேலை போனது. அமெரிக்கத் தலைமையகம் உலகம் முழுக்க எடுத்த செலவுக் குறைப்பு நடவடிக்கையின் ஒரு பகுதி அது. முடிவு எடுக்கப்பட்ட இடம் ஷா ஆலாம் அல்ல.

இதுபோன்ற செய்தி வரும்போதெல்லாம் காப்பிக்கடையில் ஒரு கேள்வி கேட்கும்: "இவனுங்களுக்கு அரசாங்கம் எவ்வளவு சலுகை கொடுத்துச்சு? இப்ப போறப்ப அதை யாரும் திருப்பிக் கேட்க மாட்டாங்களா?" நியாயமான கேள்வி. ஆனால் பதில் கொஞ்சம் சிக்கலானது.

சலுகைன்னா என்ன? கையில் காசு கொடுப்பாங்களா?

பெரும்பாலும் இல்லை. மலேசியாவில் தயாரிப்புத் துறைக்குக் கிடைக்கும் பெரிய உதவி, வசூலிக்காமல் விடப்படும் வரி. இது புதிய பழக்கமும் அல்ல. 1958-இல் முன்னோடித் தொழில்கள் அவசரச் சட்டம் வந்தது. 1968-இல் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம். 1971-இல் சுதந்திர வர்த்தக மண்டலச் சட்டம். அதன் பிறகுதான் பினாங்கின் பாயான் லெபாசிலும் சிலாங்கூரின் சுங்கை வேயிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் முளைத்தன. இப்போது நடைமுறையில் இருக்கும் முக்கியச் சட்டம் 1986-ஆம் ஆண்டின் முதலீட்டு மேம்பாட்டுச் சட்டம். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அமைப்பு மிடா எனப்படும் மலேசிய முதலீட்டு மேம்பாட்டு வாரியம்.

அந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படுவது 'தாராஃப் பெரிந்திஸ்', அதாவது முன்னோடித் தகுதி. சாதாரண வகையில், நிறுவனத்தின் வருமானத்தில் 70 விழுக்காட்டுக்கு ஐந்து ஆண்டுகள் வரி கிடையாது. உயர் தொழில்நுட்பம் என்றால் 100 விழுக்காடு வரை போகும்.

எண்ணாகப் பார்த்தால் புரியும். கணக்குக்காக ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் ஒரு கோடி ரிங்கிட். நிறுவன வரி 24 விழுக்காடு. சலுகை இல்லையென்றால் 24 லட்சம் ரிங்கிட் வரி. முன்னோடித் தகுதி இருந்தால் 30 லட்சத்துக்கு மட்டும்தான் வரி, அதாவது 7 லட்சத்து 20 ஆயிரம். மிச்சம் 16 லட்சத்து 80 ஆயிரம். ஐந்து ஆண்டில் 84 லட்சம். அந்தக் கம்பெனியில் 300 பேர் வேலை செய்தால், ஒரு வேலைக்குப் பொதுப் பணம் 28,000 ரிங்கிட் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த வேலை இருபது ஆண்டு நிலைத்தால் நல்ல பேரம். ஆறாவது ஆண்டில் வேறு நாட்டுக்குப் போய்விட்டால்?

முன்னோடித் தகுதி வேண்டாம் என்பவர்களுக்கு முதலீட்டு வரிக் கழிவு உண்டு. இயந்திரம், கட்டடம் போன்ற முதலீட்டில் 60 விழுக்காட்டை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். பழைய ஆலையை விரிவாக்குபவர்களுக்கு மறுமுதலீட்டுக் கழிவு, அதுவும் 60 விழுக்காடு, 15 ஆண்டுகள் வரை. இவை போக இறக்குமதி வரி விலக்கு, மாநிலம் தரும் நிலம், சாலை, தண்ணீர். அரசாங்கம் ஒரு சாலையை அகலப்படுத்தினால் அதை யாரும் மானியம் என்று எழுதி வைப்பதில்லை. ஆனால் லாரி போகத்தான் அந்தச் சாலை.

நுழையும்போது நிபந்தனை, போகும்போது?

இதுதான் விஷயத்தின் மையம். மலேசியச் சட்டங்கள் உள்ளே வரும் வாசலை நன்றாகக் காவல் காக்கின்றன. 1975-ஆம் ஆண்டின் தொழில் ஒருங்கிணைப்புச் சட்டப்படி, பங்குதாரர் நிதி 25 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இருந்தாலோ, முழுநேரத் தொழிலாளர்கள் 75 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ தயாரிப்பு உரிமம் எடுக்க வேண்டும். அந்த உரிமத்தில், தொழிலாளர்களில் 80 விழுக்காட்டினர் மலேசியர்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. (அதை முழுமையாக அமல்படுத்தும் தேதி ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போனது என்பதையும் சொல்ல வேண்டும்.) சலுகை பெற்ற நிறுவனம் நிபந்தனையை மீறினால் சலுகையை ரத்து செய்யவும் வழி இருக்கிறது. மறுமுதலீட்டுக் கழிவு வாங்கிய இயந்திரத்தைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் விற்றால், அந்தக் கழிவு திரும்பப் பெறப்படும்.

கவனித்தீர்களா? இயந்திரத்தை விற்றால் கணக்குக் கேட்கிறார்கள். தொழிலாளியை அனுப்பினால் அந்தக் கேள்வி அதே வேகத்தில் வருவதில்லை.

காரணம் எளிது. முன்னோடித் தகுதி ஐந்து ஆண்டுகளில் முடிகிறது. அந்தக் காலத்தில் விதிகளைச் சரியாகப் பின்பற்றியவர், பிறகு மூடினால் சட்டத்தை மீறியவர் ஆகமாட்டார். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, வீட்டைக் காலி செய்கிறார், அவ்வளவுதான். 'சலுகை முடிந்து இத்தனை ஆண்டுகள் வேலைகளை இங்கேயே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை விழுக்காட்டைத் திருப்பித் தர வேண்டும்' என்ற விதி இருந்தால்தான் திருப்பிக் கேட்க முடியும். எழுதாத நிபந்தனையை நீதிமன்றத்தில் காட்ட முடியாது.

பெட்டாலிங் ஜெயாவில் நடந்தது

2018 ஜூலையில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், பெட்டாலிங் ஜெயாவில் இருந்த தன் ஹார்ட் டிஸ்க் ஆலையை 2019 இறுதிக்குள் மூடப் போவதாக அறிவித்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மலேசியாவில் இருந்த கம்பெனி. சொன்ன காரணம், கணினிகளுக்கான ஹார்ட் டிஸ்க் தேவை குறைந்துவிட்டது என்பது. அது பொய் அல்ல. உங்கள் மடிக்கணினியைத் திறந்து பார்த்தால் தெரியும், சுழலும் டிஸ்க் இருக்காது. ஹார்ட் டிஸ்க் வேலை தாய்லாந்தில் ஒருமுகப்படுத்தப்பட்டது. அதே சமயம் பினாங்கில் எஸ்.எஸ்.டி. உற்பத்தியை அந்நிறுவனம் விரிவாக்கியது. ஆகவே நாட்டின் கணக்கில் முழு இழப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் சுங்கை வேக்கு பஸ் ஏறிய ஒருவருக்கு பினாங்கு ஆலை எந்த வகையில் ஆறுதல்?

இந்தக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் தாக்கல் செய்யும் ஆண்டறிக்கைகளில், மலேசியா, பிலிப்பீன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தன் ஆலைகள் வரி விடுமுறையின் கீழ் இயங்குகின்றன என்று எழுதியிருக்கிறது. அமெரிக்க முதலீட்டாளர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. நம் நாட்டில் நாம் விட்டுக்கொடுத்த வரியைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள அமெரிக்க ஆவணத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது! இன்னொன்றையும் அந்தப் பட்டியல் காட்டுகிறது. வேலை போன நாடும் பட்டியலில் இருக்கிறது, வேலை வந்த நாடும் இருக்கிறது. ஒரு வரி விடுமுறையில் இருந்து இன்னொரு வரி விடுமுறைக்கு நகர்ந்த வேலை அது.

ஏன் இந்தத் தகவல் நமக்குக் கிடைப்பதில்லை?

1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு, வரி செலுத்துவோரின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உங்களுக்கும் எனக்கும் அது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் நம் வரிக் கோப்பைப் பார்க்கக் கூடாது. ஆனால் அதே திரை, கோடிக்கணக்கில் சலுகை வாங்கும் நிறுவனத்தையும் மறைக்கிறது. தனிமனிதரின் சம்பளமும் ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்கு மக்கள் கொடுத்த சலுகையும் ஒரே வகை ரகசியமா என்பது விவாதத்துக்கு உரியது. என் பார்வையில், இல்லை.

கொஞ்சம் முன்னேற்றமும் நடந்திருக்கிறது. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பொது நிதி, நிதிப் பொறுப்புச் சட்டம் 2024 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி நிதி அமைச்சு வரிச் செலவின அறிக்கையை வெளியிட வேண்டும். அதாவது, சலுகைகளால் எவ்வளவு வரி வராமல் போனது என்று அரசாங்கமே எழுதிக் கொடுக்க வேண்டும். பட்ஜெட் நாளில் வெளியாகும் நிதிக் கண்ணோட்ட அறிக்கையில் அது இருக்கும். ஆனால் மொத்தத் தொகைகள்தான். நிறுவனத்தின் பெயர் இருக்காது. வாங்கியவர் பெயர் இல்லாத மொய் நோட்டு மாதிரி.

2024-இல் கணக்காய்வுச் சட்டமும் திருத்தப்பட்டது. பொதுப் பணம் எங்கே போகிறதோ அங்கே பின்தொடர்ந்து போய்க் கணக்குப் பார்க்கும் அதிகாரம் தலைமைக் கணக்காய்வாளருக்கு விரிவாக்கப்பட்டது. அரசாங்க நிதியுதவி, உத்தரவாதம் பெறும் நிறுவனங்களை மனதில் வைத்துச் செய்த மாற்றம் அது. வரிச்சலுகையில் பணம் கை மாறுவதே இல்லை; வராத பணத்துக்குப் பின்னால் எப்படிப் போவது என்பது அடுத்த கேள்வி.

ஜெர்மனியில் கேட்டார்கள், ஸ்ரீபெரும்புதூரில்?

ஒரே கம்பெனி, இரண்டு ஊர். ஒப்பிட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஜெர்மனியின் போகம் நகரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலை இருந்தது. மாநில அரசும் மத்திய அரசும் பல ஆண்டுகளாக அதற்கு மானியம் கொடுத்திருந்தன. 2008 ஜனவரியில், ஆலையை மூடிவிட்டு உற்பத்தியை ருமேனியாவின் குளூஜ் பகுதிக்கு மாற்றப் போவதாக நோக்கியா அறிவித்தது. சுமார் 2,300 பேரின் வேலை. மக்கள் கொதித்தார்கள், அரசியல்வாதிகள் தங்கள் நோக்கியா போன்களைத் தூக்கி எறிந்தார்கள். அது செய்திக்காக. காரியத்துக்கு உதவியது வேறு: வேலைவாய்ப்பு பற்றிய நிபந்தனை மானிய ஆவணத்தில் எழுதப்பட்டிருந்தது. அதை வைத்து மாநில அரசு வட்டியோடு சுமார் 6 கோடி யூரோவைத் திருப்பிக் கேட்டது. கடைசியில் முழுத்தொகை வரவில்லை. அந்த வட்டாரத்தில் புதிய வேலைகளை உருவாக்கும் திட்டத்துக்கு நோக்கியா 2 கோடி யூரோ தருவதாக உடன்பாடு ஆனது. ஆலை திரும்பவில்லை. ஆனால் போனவர் வெறுங்கையோடு போகவில்லை, கொஞ்சம் வைத்துவிட்டுப் போனார். சரி, வேலைகள் போய்ச் சேர்ந்த குளூஜ்? மூன்றே ஆண்டுகள்தான். 2011-இல் அதையும் மூடுவதாக அறிவித்து, நோக்கியா உற்பத்தியை ஆசியாவுக்கு நகர்த்தியது.

தமிழ்நாட்டில் கதை 2005-இல் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் ஆலை அமைக்க மாநில அரசோடு நோக்கியா புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. சிப்காட் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலத் தகுதி, மதிப்புக்கூட்டு வரிச் சலுகை எல்லாம் கிடைத்தன. 2006-இல் உற்பத்தி. உச்ச காலத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள்; நிறைய பேர் சுற்று வட்டார கிராமங்களில் இருந்து கம்பெனி பஸ்ஸில் வந்த இளம் பெண்கள். அசாம் ஜாவாவில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2013-இல் வருமான வரித் துறை, மென்பொருளுக்குக் கட்டிய தொகையில் வரி பிடிக்கவில்லை என்று நோக்கியாவிடம் 2,000 கோடி ரூபாய்க்கும் மேல் கேட்டது. மாநில அரசும் விற்பனை வரி கேட்டது. ஆலையின் சொத்து முடக்கப்பட்டது. 2014-இல் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, சென்னை ஆலையைக் கைமாற்ற வேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆலை கைமாறவில்லை. ஆர்டர் நின்றது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. அடுத்த மாதமே அதன் பக்கத்தில் இருந்த பாக்ஸ்கான் ஆலையும் நின்றது. பெரும்பாலான தொழிலாளர்கள் அதற்கு முன்பே விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறியிருந்தார்கள். இருபதுகளின் நடுவில் 'ஓய்வு'!

இங்கே அரசாங்கம் கடுமையாக இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடுமை வரிப் பிரச்சினையில் இருந்தது. கொடுத்த சலுகைக்கு ஈடாக வேலைகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், வைத்திருக்காவிட்டால் தொழிலாளிக்கு என்ன என்ற கேள்விக்கு ஆலை மூடிய நாளிலும் உருப்படியான பதில் இல்லை. வரி வழக்கில் அரசாங்கம் வென்றாலும் தோற்றாலும் அசெம்பிளி லைனில் நின்ற பெண்ணுக்கு ஒன்றும் மாறப் போவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் பின்னர் விதியை இறுக்கியது. வட்டார உதவி வாங்கும் பெரிய நிறுவனம் அந்த முதலீட்டை அதே இடத்தில் குறைந்தது ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும்; சிறிய நிறுவனம் மூன்று ஆண்டு. ஒன்றியத்துக்குள்ளேயே ஓர் ஊரில் மூடிவிட்டு இன்னோர் ஊரில் அதே வேலைக்கு மானியம் வாங்கவும் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவின் 2022 சிப்ஸ் சட்டத்தில், பணம் வாங்கிய நிறுவனம் பத்து ஆண்டுகளுக்குச் சீனாவில் முன்னேறிய சிப் உற்பத்தியை விரிவாக்கக் கூடாது, மீறினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

நாம் இப்படிக் கேட்டால் முதலீட்டாளர் வியட்னாமுக்குப் போயிடுவாரே?

முதலீட்டுத் துறையில் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் இது. முழுக்கத் தள்ளிவிட முடியாது. பக்கத்து நாடு நிபந்தனை இல்லாமல் கொடுத்தால் நாம் மட்டும் கடிவாளம் போட்டு என்ன பயன்?

ஆனால் இரண்டு விஷயம் மாறியிருக்கிறது. ஒன்று, 15 விழுக்காடு உலகளாவிய குறைந்தபட்ச வரி. ஆண்டு வருமானம் 75 கோடி யூரோவுக்கு மேல் உள்ள பன்னாட்டுக் குழுமங்களுக்கு மலேசியா இதை 2025 ஜனவரி 1 முதல் அமல்படுத்துகிறது. இனி பூஜ்ஜிய வரி என்று ஆசை காட்டினாலும், குறையும் வரியை அந்தக் குழுமம் எங்காவது கட்டித்தான் ஆக வேண்டும். அப்படியென்றால் நாம் விட்டுக்கொடுப்பதில் அர்த்தம் குறைகிறது. இரண்டு, 2023 செப்டம்பரில் தொடங்கிய புதிய தொழில்துறைப் பெருந்திட்டம் 2030-உம், 2025 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட புதிய முதலீட்டு ஊக்குவிப்புக் கட்டமைப்பும் 'விளைவு அடிப்படையிலான' சலுகை என்று பேசுகின்றன. எவ்வளவு முதலீடு போட்டாய் என்பதைவிட, எவ்வளவு நல்ல சம்பள வேலை, எவ்வளவு உள்நாட்டு சப்ளை என்று பார்ப்பது. நல்ல திசை. அந்த விளைவு எத்தனை ஆண்டு நிலைக்க வேண்டும் என்பதும், மூடினால் என்ன என்பதும் எழுத்தில் வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

நம்ம ஆளுங்களுக்கு இது புது அனுபவமா?

இல்லை. 1950, 60-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது 'துண்டாடல்' என்ற சொல் ஒவ்வொரு லயத்திலும் கேட்டது. வேலையும் வீடும் ஒன்றாகப் போன காலம். அந்த நெருக்கடியில்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்; தொழிலாளர்களே மாதாமாதம் பணம் போட்டுத் தோட்டம் வாங்கினார்கள். தொழிற்சாலையை அப்படி வாங்க முடியாது. மண்ணும் மரமும் இங்கேயே இருக்கும், ஆர்டர் இருக்காது.

மூடினால் சட்டப்படி என்ன கிடைக்கும்?

வேலை நிறுத்தம் செய்யும் முதலாளி, அதற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே தொழிலாளர் இலாகாவுக்கு பி.கே. பாரத்தைக் கொடுக்க வேண்டும். தொழிலாளிக்கு நோட்டீஸ் காலம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், ஐந்து ஆண்டு வரை 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். இழப்பீடு 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி: ஆண்டுக்கு முறையே 10, 15, 20 நாள் சம்பளம். மாதம் 2,400 ரிங்கிட் சம்பளத்தில் 12 ஆண்டு வேலை செய்தவருக்கு 240 நாள் சம்பளம், கிட்டத்தட்ட 19,000 ரிங்கிட் வரும். தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தம் இருந்தால் இதைவிட அதிகமாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

இதோடு பெர்கேசோவின் வேலைக் காப்புறுதி, அதாவது ஈ.ஐ.எஸ். 2018 முதல் நடப்பில் இருக்கிறது. முழுத் தகுதி இருந்தால் ஆறு மாதம் வரை, காப்புறுதிச் சம்பளத்தில் 80, 50, 40, 40, 30, 30 விழுக்காடு என்று இறங்கிக்கொண்டே வரும். மேலே சொன்ன 2,400 ரிங்கிட் சம்பளக்காரருக்கு மொத்தம் சுமார் 6,480 ரிங்கிட். இந்தப் பணம் தொழிலாளியும் முதலாளியும் மாதம் தலா 0.2 விழுக்காடு கட்டியது. வரிச்சலுகையில் மிச்சமான 84 லட்சம் இதில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வேலை போன 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீட்டுப் பேச்சு முடியட்டும் என்று காத்திருந்து தேதியைத் தவற விடக் கூடாது.

சிலாங்கூர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் கருவி

வரி மத்திய அரசாங்கத்தின் கையில். நிலம் மாநிலத்தின் கையில். தொழிற்பேட்டைக்கு நிலத்தின் வகையை மாற்றுவது, பிரீமியம் நிர்ணயிப்பது மாநில விவகாரம். மதிப்பீட்டு வரி கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகத்தின் விவகாரம். சிலாங்கூரில் 2011-இல் தகவல் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. மாநிலத் துறைகளிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் நீங்கள் எழுத்து மூலம் தகவல் கேட்கலாம். இன்ன தொழிற்பேட்டைக்கு பிரீமியத்தில் தள்ளுபடி கொடுக்கப்பட்டதா, என்ன நிபந்தனையோடு என்று கேட்பதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

வரம்புகளும் உண்டு. எந்த நோக்கத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும். சொன்ன நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்துவது குற்றம். அதிகாரபூர்வ ரகசியச் சட்டத்தின் கீழ் வரும் ஆவணங்கள் கிடைக்காது. மிடா, மித்தி, வருமான வரி வாரியம் எல்லாம் மத்திய அமைப்புகள். இந்தச் சட்டம் அவற்றைத் தொடாது. அங்கே கேள்வி கேட்க இப்போதைக்கு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்தான் வழி. மக்களவையில் எழுத்துப்பூர்வமாகக் கேட்கும் கேள்விக்கு அமைச்சு பதில் தர வேண்டும். கேட்கும்போது நிறுவனத்தின் வரிக் கோப்பைக் கேட்டால் 138-ஆவது பிரிவைக் காட்டுவார்கள். கடந்த பத்து ஆண்டுகளில் முன்னோடித் தகுதி பெற்று, சிலாங்கூரில் மூடப்பட்ட ஆலைகள் எத்தனை, அவற்றில் எத்தனையிடம் சலுகை திரும்பப் பெறப்பட்டது என்று எண்ணிக்கையைக் கேட்டால் அந்தக் காரணத்தைச் சொல்வது கடினம்.